கதவுக் குமிழும் டர்னர் விருதும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் டிசைன் பிரிவில் வேலை பார்க்கிறேன். வரும் செப்டம்பரில் மேற்படிப்புக்காக மான்செஸ்டர் போகிறேன். பிரிட்டிஷ் கலை, டிசைன் என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் பழசுதான்: பீட்டில்ஸ், மினி கார், லண்டன் சுரங்க ரயில் வரைபடம். இந்தக் காலத்து ஆட்களில் எம்.ஐ.ஏ. பாட்டு கேட்டிருக்கிறேன், அதுவும் நம் பெண் என்பதால். இப்போது அங்கே எதைப் பார்க்க வேண்டும், யாரைக் கேட்க வேண்டும் என்று சொல்வீர்களா?

இன்னொரு சந்தேகம். 2015ஆம் ஆண்டு டர்னர் விருதை, லிவர்பூலில் பாழடைந்த வீடுகளைப் பழுதுபார்த்த ஒரு குழுவுக்குக் கொடுத்ததாகப் படித்தேன். வீட்டைப் பழுதுபார்ப்பது கொத்தனார் வேலை. அதற்கு எதற்கு ஓவியர்களுக்கும் சிற்பிகளுக்கும் கொடுக்கிற விருது? குதர்க்கமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியவில்லை.

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதைச் சொல்லி முடித்தால் முதல் கேள்விக்கும் பாதி பதில் வந்துவிடும்.

செய்தியில் நீங்கள் படித்த அந்த வீடுகள் லிவர்பூலின் டாக்ஸ்டெத் பகுதியில் இருக்கின்றன. அந்த இடத்தைக் கிரான்பி என்பார்கள். துறைமுகம் கொழித்த காலத்தில் எழுந்த செங்கல் வரிசை வீடுகள். பிரிட்டனின் மிகப் பழைய கறுப்பினச் சமூகங்களில் ஒன்று லிவர்பூலுடையது, அதன் வீடு வாசல் கடை கண்ணி எல்லாம் இந்தப் பக்கம்தான். 1981 ஜூலையில் போலீசுக்கும் மக்களுக்கும் இடையே பெரிய மோதல் வெடித்தது. அதற்குப் பிறகு கிரான்பியை ஏறக்குறைய கைகழுவிவிட்டார்கள். நகராட்சி வீடுகளை வாங்கியது, ஆட்களை வேறிடம் அனுப்பியது, கதவு ஜன்னல்களை அடைத்தது, தெருத்தெருவாக இடித்தது. கடைசியில் மிஞ்சியது நான்கு தெரு. 2002இல் அரசு கொண்டுவந்த வீட்டுவசதிப் புதுப்பிப்புத் திட்டம் அந்த நான்கையும் குறிவைத்தது. 2010இல் ஆட்சி மாறியதும் அந்தத் திட்டம் நின்றுபோனது. வீடுகள் தப்பின, ஆனால் காலியாகவே கிடந்தன.

இந்த இடைப்பட்ட காலத்தில் நடந்ததைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். போகமாட்டோம் என்று தங்கிவிட்ட சில குடும்பங்கள், பெரும்பாலும் பெண்கள், தெருவைத் தாங்களே கூட்டினார்கள். ஆளில்லாத வீட்டு வாசல்களில் தொட்டி தொட்டியாகச் செடி வைத்தார்கள், சுவரில் கொடி ஏற்றினார்கள். அடைத்த ஜன்னல்களுக்கு வண்ணம் பூசிப் படம் வரைந்தார்கள். கெய்ர்ன்ஸ் தெருவில் மாதாமாதம் சந்தை போட்டார்கள். யாரும் பணம் கொடுத்துச் செய்யச் சொன்ன வேலை அல்ல. 2011இல் சமூக நில அறக்கட்டளை ஒன்றைத் தொடங்கினார்கள். நிலமும் வீடும் அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கும், உள்ளூர்க்காரர் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகும் விலையில்தான் கைமாறும் என்பது அதன் அடிப்படை. கெய்ர்ன்ஸ் தெருவில் பத்து வீடுகள் அறக்கட்டளையின் கைக்கு வந்தன. பின்னால் விருது வாங்கிய அசெம்பிள் என்கிற இளைஞர் குழு, கட்டடக்கலையும் டிசைனும் செய்கிறவர்கள், உள்ளே வந்தது இந்தக் கட்டத்தில்தான்.

அசெம்பிள் 2010இல் லண்டனில் கூடிய குழு. முதல் வேலையே கிளார்க்கன்வெல்லில் கைவிடப்பட்ட பெட்ரோல் பங்க் ஒன்றைச் சில வாரங்களுக்குச் சினிமாக் கொட்டகையாக மாற்றியது. கிரான்பிக்கு வந்தவர்கள் பத்து வீட்டையும் எளிமையாகச் சீர்செய்தார்கள். ஆனால் உள்ளே இருந்த கணப்படுப்பு மாடம், தரை ஓடு, கதவுப் பிடி எல்லாம் எப்போதோ போயிருந்தன. கடையில் வாங்கிப் பொருத்தாமல் தெருவிலேயே செய்யலாம் என்று முடிவெடுத்தார்கள். கிரான்பி பட்டறை பிறந்தது அப்படித்தான்.

கணப்படுப்பு மாடத்துக்கு இடிபாட்டையே எடுத்தார்கள். உடைந்த செங்கலையும் கூரைப் பலகைக்கல்லையும் சிமென்டில் கலந்து அச்சில் வார்த்து, மேற்பரப்பைத் தேய்த்து மெருகேற்றினார்கள். நம் பக்கத்து மொசைக் தரை மாதிரி இருக்கும், ஆனால் அதில் தெரிகிற சிவப்புத் துணுக்கு இடிந்த வீட்டுச் செங்கல். கதவுக் குமிழ் மண்ணில் செய்தது. மரத்தூளில் புகைய வைப்பார்கள். புகை எங்கே அதிகம் பிடித்ததோ அங்கே கரும்பட்டை, எங்கே எட்டவில்லையோ அங்கே மண்ணின் வெளிர் நிறம், நடுவில் சாம்பல் தீற்றல்கள். எந்த இடத்தில் எந்த நிறம் வரும் என்று செய்கிறவருக்கே முன்கூட்டித் தெரியாது. ஆகவே ஒரு குமிழ் போல இன்னொன்று இருக்காது. நீங்கள் டிசைன் பிரிவில் இருப்பவர், ஆயிரம் பீஸும் ஒரே மாதிரி வரவேண்டும் என்பதற்காக எவ்வளவு மெனக்கெடுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். இங்கே ஒவ்வொன்றும் வேறாக வருவதற்கென்றே செய்முறையை வகுத்தார்கள். ஓட்டில் ஒட்டும் வண்ணத் துண்டுகளை எப்படி அடுக்குவது என்பதையும் செய்கிறவர் கைக்கே விட்டுவிட்டார்கள்.

கிளாஸ்கோவில் டிராம் பணிமனையாக இருந்த டிராம்வே அரங்கில் அந்த ஆண்டின் டர்னர் கண்காட்சி நடந்தது. அசெம்பிள் அங்கே வைத்தது இந்தப் பட்டறைப் பொருட்களைத்தான், விற்பனைக்கூடம் போல அடுக்கி. விருதுத் தொகை 25,000 பவுண்டு. இது கலையே இல்லை என்று நிறையப் பேர் எழுதினார்கள். பட்டியலில் பெயர் வந்தபோது அசெம்பிள் ஆட்களுக்கே ஆச்சரியம்தான், அவர்கள் தங்களைக் கலைஞர்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள் அல்லர்.

என் பதில் இது. தளம் இடிந்து விழுந்த வீட்டைக் கொடுத்தால் நல்ல கொத்தனார் தளத்தைத் திரும்பப் போட்டுக் கொடுப்பார். கெய்ர்ன்ஸ் தெருவில் அடுத்தடுத்த இரண்டு வீடுகளில் தளம் மோசமாகப் போயிருந்தது. அவற்றில் தளமே வேண்டாம், மேலே கண்ணாடிக் கூரை போட்டு உள்ளே மரம் நடலாம் என்று யோசித்தார்கள். 2019இல் அது தெருவுக்குப் பொதுவான குளிர்காலத் தோட்டமாகத் திறந்தது. அந்த யோசனை வானத்திலிருந்து குதிக்கவில்லை. பல வருடமாகப் பெண்கள் தொட்டியில் செடி வைத்துக் காப்பாற்றிய தெரு அது. அந்தத் தெரு எதைச் செய்துகொண்டிருந்ததோ அதைக் கண்டுகொண்டு வீட்டுக்குள் கொண்டுபோனார்கள். கண்டுகொண்ட அந்தக் கண்ணுக்குத்தான் விருது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

எனக்கு இதில் ஒரு கோபம் உண்டு. ‘இளம் கட்டடக்கலைஞர்கள் தெருவைக் காப்பாற்றினார்கள்’ என்கிற தொனியில் அப்போது வந்த செய்திகள் தப்பு. தெருவைக் காப்பாற்றியவர்கள் அங்கேயே இருந்தார்கள். லண்டனிலிருந்து வந்தவர்களின் பெருமை, அவர்களுக்குப் பின்னால் நின்று வேலை செய்தது. இந்த வரிசையை மாற்றிச் சொன்னால் கிரான்பியின் கதையே பொய்யாகிவிடும்.

இனி உங்கள் முதல் கேள்வி. பட்டியல் தருவதில் எனக்கு இஷ்டமில்லை, மூன்று பேரைச் சொல்கிறேன்.

நூல் வேலை தெரிந்தவர் என்பதால் ஜஸ்லீன் கவுர் உங்களுக்கு உடனே பிடிக்கும். கிளாஸ்கோவில் வளர்ந்த சீக்கியப் பெண், 2024 டர்னர் விருது அவருக்குத்தான். ஒரு சிவப்பு ஃபோர்டு எஸ்கார்ட் கார், அதன் மேல் காரையே மூடுகிற அளவுக்கு ஒரு குரோஷா (கொக்கி ஊசிப் பின்னல்) விரிப்பு, காருக்குள்ளிருந்து பாட்டு. அப்பா வாங்கிய முதல் காரும், இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து வந்து பிரிட்டன் நெசவாலைகளில் உழைத்தவர்களும் அந்த ஒரு பொருளில் இருக்கிறார்கள். உடையில் கிரேஸ் வேல்ஸ் பானர். லண்டன் தையல் மரபையும் கரீபியச் சாயலையும் ஒரே உடுப்பில் இணைக்கிறவர். அடிடாஸ் சாம்பா ஷூவின் மூன்று கோடுகளைக் குரோஷாவில் செய்தவரும் அவரே.

இசையில் எஸ்ரா கலெக்டிவ். ஐந்து பேர், ஜாஸும் ஆஃப்ரோபீட் என்கிற மேற்கு ஆப்பிரிக்கத் தாள இசையும் கலந்து ஆட வைப்பார்கள். ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்குக் கொடுக்கிற மெர்குரி விருதை 2023இல் வாங்கினார்கள். 1992இல் தொடங்கிய அந்த விருதை ஒரு ஜாஸ் குழு வென்றது அதுவே முதல்முறை. இவர்கள் ஒன்றுசேர்ந்தது டுமாரோஸ் வாரியர்ஸ் என்கிற அமைப்பில். கேரி கிராஸ்பியும் ஜனீன் அயர்ன்ஸும் 1991இல் தொடங்கியது, காசு வாங்காமல் பிள்ளைகளுக்கு ஜாஸ் சொல்லிக்கொடுக்கிறது. மேடையில் விருதை வாங்கிய டிரம்மர் ஃபெமி கோலியோசோ, பிள்ளைகளின் இசைக்காக நேரம் செலவழித்த மனிதர்களைத்தான் நினைவுகூர்ந்தார். கிரான்பி பெண்களும் இவர்களும் எனக்கு ஒரே ஜாதி. புதிதாக ஒன்று பிரிட்டனிலிருந்து என் காதில் விழும்போதெல்லாம் பின்னால் இப்படி யார் இருந்தார்கள் என்று தேடுவேன். நீங்களும் தேடுங்கள், லண்டன் கேலரிகளை மட்டும் சுற்றாதீர்கள்.

மான்செஸ்டரிலிருந்து லிவர்பூல் லைம் ஸ்ட்ரீட் நிலையத்துக்கு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கிருந்து பஸ் உண்டு. கெய்ர்ன்ஸ் தெருச் சந்தை மாதத்தின் முதல் சனிக்கிழமை கூடுவது வழக்கம், கடுங்குளிர் மாதங்களில் இருக்காது, விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். அது அருங்காட்சியகம் அல்ல, ஆட்கள் குடியிருக்கும் தெரு. கேமராவைப் பையில் வைத்துவிட்டு முதலில் சந்தையில் ஏதாவது வாங்கிச் சாப்பிடுங்கள். கடை போட்டிருப்பவரிடம் செடிகளைப் பற்றிக் கேளுங்கள்.

அன்புடன்