மாதம் 25,000 துண்டு விழுகிறது, எந்தக் கடனை முதலில் அடைப்பது?

கேள்வி: மனைவிக்கு வேலை போய் எட்டு மாதம் ஆகிறது. எனக்குக் கைக்கு வரும் சம்பளம் 62,000. வாடகை, சாப்பாடு, பிள்ளையின் படிப்பு எல்லாம் சேர்த்து வீட்டுச் செலவு 44,000. பர்சனல் லோன் பாக்கி 4,20,000, தவணை 14,500. நண்பர் ஒருவர் அதற்கு ஜாமீன் போட்டிருக்கிறார். ஒரு கிரெடிட் கார்டில் 1,80,000, இன்னொன்றில் 95,000 நிற்கிறது. இரண்டிலும் மினிமம் டியூ மட்டும் கட்டி வருகிறேன். பைக் கடனுக்கு மாதம் 3,800, இன்னும் 11 மாதம் பாக்கி. பைக் இல்லாமல் வேலைக்குப் போக முடியாது. சமாளிக்க லோன் ஆப்களில் வாங்கி வாங்கி இப்போது அங்கே 40,000 நிற்கிறது. அதற்கு மாதம் 11,000 போகிறது. இது மனைவிக்குத் தெரியாது. போன் அடித்தாலே நெஞ்சு படபடக்கிறது. அப்பாவின் வீட்டை அடமானம் வைத்து எல்லாவற்றையும் ஒரே கடனாக்கிவிடலாமா? பாதிக் கடனைத் தள்ளுபடி வாங்கித் தருவதாக ஒரு நிறுவனம் முன்பணம் கேட்கிறது. என்ன செய்யட்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: வீட்டை அடமானம் வைக்க வேண்டாம். அந்த நிறுவனத்துக்கு ஒரு காசுகூடக் கொடுக்க வேண்டாம். இரண்டுக்கும் காரணம் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று: ஆப் கடனை இன்று இரவே மனைவியிடம் சொல்லிவிடுங்கள். நான் கீழே சொல்லும் எதையும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் செய்ய முடியாது. போன் அடித்தாலே நெஞ்சு படபடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒரு தடவை வந்திருந்தாலும், கடன் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு முதலில் மருத்துவரைப் பாருங்கள். கடனுக்கு வழி இருக்கிறது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். உங்கள் மினிமம் டியூ எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. பாக்கியில் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் மொத்தத் தவணை 43,050. செலவு போக உங்கள் கையில் மிஞ்சுவது 18,000. மாதம் 25,000 துண்டு விழுகிறது. அதைத்தான் ஆப்பில் வாங்கி கார்டில் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

கார்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். வட்டி மாதம் 3.5 சதவீதம் என்றால், 1,80,000-க்கு ஒரு மாத வட்டி மட்டும் 6,300. நீங்கள் கட்டும் 9,000-இல் அசலுக்குப் போவது 2,700. அதையும் மறுபடி கார்டைத் தேய்த்து மளிகை வாங்கினால் அசல் அங்கேயே நிற்கும். மாதம் 3.5 என்பது கேட்கச் சின்ன எண். வட்டிக்கு வட்டி சேர்ந்தால் வருடத்துக்கு 51 சதவீதம். ஒன்றும் கட்டாமல் விட்டால் ஏறத்தாழ 20 மாதத்தில் இரண்டு மடங்கு. 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் பணம் இரட்டிப்பாகும் காலம் கிடைக்கும் என்பது 1494-இல் இத்தாலியில் அச்சான லூக்கா பாச்சோலியின் கணித நூலிலேயே இருக்கிறது. உங்கள் கார்டுக்கு அதைப் போட்டுப் பாருங்கள்.

ஆகவே முதல் வேலை, கடனைக் கட்டக் கடன் வாங்குவதை நிறுத்துவது. இரண்டு கார்டையும் இனி தேய்க்கக் கூடாது. ஆப்களுக்குப் போனில் கொடுத்த தொடர்பு எண், புகைப்பட அனுமதிகளை ரத்து செய்யுங்கள். கடன் கணக்கு விவரங்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு அதன்பின் அதைச் செய்யுங்கள். அந்த ஆப்பை நடத்துகிறவர்களுக்குக் கடன் கொடுக்க உரிமம் இருக்கிறதா என்றும் பாருங்கள். மிரட்டல், ஆபாசப் பேச்சு, உறவினருக்குப் போன் என்று இறங்கினால் அது குற்றம். ஆதாரத்தோடு போலீஸில் புகார் கொடுங்கள்.

அப்புறம், மிஞ்சும் 18,000-இல் 2,000-ஐத் தொடாமல் ஒதுக்குங்கள். ஒரு காய்ச்சல் வந்தால் மறுபடி ஆப்பிடம் போகாமல் இருக்க அது வேண்டும். மீதி 16,000. அதில் பைக் தவணை 3,800-ஐ முழுதாகக் கட்டுங்கள். அந்தக் கடனுக்கு வண்டியே பிணை. தவறினால் வண்டி போகும், வண்டி போனால் சம்பளம் போகும். வாடகைக்கும் மின்சாரத்துக்கும் இதே நியாயம்தான். யார் அதிகம் சத்தம் போடுகிறார்கள் என்று பார்த்துப் பணம் கொடுப்பதுதான் கடனாளிகள் எல்லோரும் செய்யும் தவறு. சத்தம் போடுகிறவர் பெரும்பாலும் பிணை எதுவும் கையில் இல்லாதவர்.

மிஞ்சுவது 12,200. இதை நான்கு பேருக்கும் பாக்கித் தொகையின் விகிதப்படி பிரிக்க வேண்டும். பர்சனல் லோனுக்கு 6,970, பெரிய கார்டுக்கு 2,990, சின்ன கார்டுக்கு 1,575, ஆப்களுக்கு 665. அதிக வட்டிக் கடனை முதலில் அடை என்பது நல்ல அறிவுரைதான், ஆனால் அது எல்லாத் தவணையும் கட்டிய பிறகு கையில் பணம் மிஞ்சுகிறவர்களுக்கு. உங்கள் நிலைமையில் விகிதப் பங்கீடுதான் சரி. ஏன் எனக்கு மட்டும் குறைவு என்று எவரும் கேட்க முடியாது.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. பெரிய கார்டுக்கு வட்டியே 6,300 ஓடும்போது 2,990 கட்டினால் கடன் வளரும். எனவே தவணையைக் குறையுங்கள் என்று மட்டும் கேட்டால் போதாது. கார்டு பாக்கியை நிலையான தவணைக் கடனாக மாற்றி, வட்டியை நிறுத்துங்கள் அல்லது பெருமளவு குறையுங்கள் என்று கேட்க வேண்டும். நால்வரும் வட்டியை முழுதாக நிறுத்தினால் 7,35,000 கடன் ஏறத்தாழ 60 மாதத்தில் தீரும். பைக் கடன் முடிந்ததும் அந்த 3,800-ஐயும் சேர்த்தால் 4 வருடத்துக்குக் கொஞ்சம் மேல். எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள் என்று நான் சொல்லவில்லை. ஒருவர் ஒப்புக்கொண்டு கடிதம் கொடுத்தால், அடுத்தவரிடம் பேசும்போது அதைக் காட்டலாம்.

வங்கி எதற்காக இறங்கி வரும் என்று கேட்பீர்கள். உலகின் பெரும்பாலான வங்கிகளில் ஒரு கடன் 90 நாள் கட்டப்படாமல் நின்றால் அது வாராக்கடன் கணக்கில் போய்விடும். வங்கிகளுக்குச் சர்வதேச விதிமுறைகளை வகுக்கும் பாசல் குழுவின் அளவுகோல் அது. அப்படிப் போனால் வங்கி தன் லாபத்திலிருந்து அதற்கு ஒதுக்கீடு செய்தாக வேண்டும். அதனால் 90 நாளுக்கு முன்பு வங்கிக்கும் ஓர் அவசரம் இருக்கிறது. இன்னும் தவணை தவறாத நிலையில் நீங்கள் போய்ப் பேசினால், தவணைக் காலத்தை நீட்டுவது, சில மாதம் அவகாசம் தருவது போன்றவை கிடைக்க வாய்ப்பு அதிகம். தள்ளுபடியோடு செட்டில்மென்ட் என்பது பெரும்பாலும் கடன் கெட்ட பிறகுதான் வரும்.

ஒருமுறை ஒருவர் ஒரு பெரிய துணிப்பை நிறையப் பிரிக்காத கடிதங்களோடு என்னிடம் வந்தார். மேசையில் கொட்டி, தேதிவாரியாக அடுக்கி, ஒவ்வொன்றாகப் பிரித்தோம். பயந்து பயந்து அவர் ஒதுக்கி வைத்த அந்தக் குவியலில் ஆறு மாதம் தவணை அவகாசம் தருவதாக ஒரு கடிதம் இருந்தது. பதில் சொல்ல வேண்டிய கடைசி நாள் அதற்கு இரண்டு மாதம் முன்பே போய்விட்டது. அவர் அந்தத் தாளை மடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை, ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தார். உங்கள் வீட்டில் அப்படி ஏதும் இருந்தால் இன்றே பிரித்துப் பாருங்கள். நீதிமன்றத்திலிருந்து எது வந்தாலும் சொன்ன தேதிக்குள் பதில் போயாக வேண்டும். போகாமல் இருந்தால் கடன் கொடுத்தவர்கள் கேட்டபடியே தீர்ப்பு வந்துவிடலாம்.

நான்கு பேருக்கும் தனித்தனியாகக் கடிதம் அல்லது மின்னஞ்சல் அனுப்புங்கள். ஒரு பக்கம் போதும். மனைவியின் வேலை போன தேதி, உங்கள் வருமானம், செலவு, யாருக்கு எவ்வளவு கடன், யாருக்கு எவ்வளவு கொடுக்கப் போகிறீர்கள் என்ற பட்டியல், வட்டி பற்றிய கோரிக்கை. சம்பளச் சீட்டின் நகலை இணையுங்கள். கெஞ்ச வேண்டாம், கோபப்படவும் வேண்டாம். அவர்கள் ஒப்புக்கொள்ளும்வரை காத்திராமல் முதல் மாதத்திலிருந்தே அந்தத் தொகையைக் கட்டத் தொடங்குங்கள். நாளைக்கு வழக்கு என்று போனாலும் அந்த ரசீதுகள்தான் உங்களுக்காகப் பேசும்.

போனில் ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். நெருக்கடி தாங்காமல், 20-ஆம் தேதி முழுசாகக் கட்டிவிடுகிறேன் என்று சொல்லிவிடாதீர்கள். வசூல் பிரிவில் அந்தத் தேதியைக் குறித்துக்கொள்வார்கள். தவறினால் அடுத்த தடவை நீங்கள் உண்மையைச் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். "என்னால் மாதம் 2,990 கட்ட முடியும், கடிதம் அனுப்பியிருக்கிறேன், பதிலை எழுத்தில் கொடுங்கள்." இதையே திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். பேசியவர் பெயர், தேதி, நேரத்தை ஒரு நோட்டில் எழுதுங்கள். முடிந்தால் நீங்களே காலையில் கூப்பிடுங்கள். கூப்பிடுகிறவர் கை எப்போதும் கொஞ்சம் ஓங்கியே இருக்கும்.

சம்பளம் வரும் கணக்கும் கடன் வாங்கிய வங்கியும் ஒன்றா? அப்படியானால் தவணை தவறும்போது அவர்கள் கணக்கிலிருந்தே எடுத்துக்கொள்ளும் உரிமை பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும். வாடகைப் பணம் ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போகும். வேறொரு வங்கியில் கணக்கு தொடங்கிச் சம்பளத்தை அங்கே மாற்றுங்கள். ஆட்டோ டெபிட்டையும் அப்படியே விடக் கூடாது. பணமில்லாமல் திரும்பினால் ஒவ்வொரு தடவையும் அபராதம். புதிய தொகையைக் கடிதத்தில் சொல்லி மாற்றச் சொல்லுங்கள்.

வீட்டு அடமானத்துக்கு ஏன் வேண்டாம் என்றேன்? இப்போது உங்கள் 7,35,000 கடனுக்குப் பின்னால் எந்தச் சொத்தும் இல்லை. கட்ட முடியாவிட்டால் அவர்கள் வழக்குப் போட வேண்டும், பேச வேண்டும், காத்திருக்க வேண்டும். வீட்டைக் கொடுத்த அடுத்த நிமிடம் உங்கள் தவறுக்கு அப்பாவின் கூரை பிணையாகிவிடுகிறது. வட்டி குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் கார்டு இரண்டும் காலியாகி மறுபடி தேய்க்கத் தயாராக இருக்கும். வருமானமோ குறைந்தபடிதான் இருக்கும். ஒரே வருடத்தில் அடமானக் கடனோடு கார்டு கடனும் மறுபடி சேர்ந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

தள்ளுபடி வாங்கித் தரும் நிறுவனம் செய்யப்போவது, நீங்களே எழுதக்கூடிய கடிதத்தை எழுதுவதுதான். பணம் வாங்கிக்கொண்டு அதையும் செய்யாதவர்கள் நிறைய. நாளை ஒரு வங்கியே செட்டில்மென்ட்டுக்கு வந்தால், பணம் கட்டும் முன் கடிதம் வாங்குங்கள். கடன் எண், தொகை, தேதி, இதோடு மீதி எதுவும் பாக்கியில்லை என்ற வரி, இவை அதில் இருக்க வேண்டும். பணம் கடன் கணக்கில்தான் போக வேண்டும், எந்த ஏஜென்டின் சொந்தக் கணக்கிலும் அல்ல. கடன் வரலாற்று அறிக்கையில் அது முழுதாக அடைத்த கடனாக இல்லாமல் செட்டில் ஆனதாகப் பதிவாகும். சில வருடம் புதுக் கடன் கிடைப்பது கஷ்டம். உங்களுக்கு இப்போதைக்கு அது நஷ்டமே இல்லை என்பேன்.

கடைசியாக, ஜாமீன் போட்ட நண்பர். பர்சனல் லோனில் 14,500-க்குப் பதில் 6,970 கட்டத் தொடங்கினால் வங்கி அவரையும் கேட்கும். உங்களைத் துரத்தி முடித்த பிறகுதான் அவரிடம் போக வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை, நேராக அவரிடமே போகலாம். எனவே கடிதங்களை அனுப்பும் முன் அவர் வீட்டுக்கு நேரில் போங்கள். கணக்குத் தாளைக் காட்டுங்கள். அவர் கோபப்படலாம். அது நியாயம், பொறுத்துக்கொள்ளுங்கள். வசூல்காரர் குரலில் அவர் இதை முதலில் கேட்கக் கூடாது. பர்சனல் லோன் வங்கி என்ன பதில் சொல்கிறது என்று வந்ததும் எனக்கு எழுதுங்கள். அதை வைத்துத்தான் மற்ற மூவரிடமும் எப்படிப் பேசுவது என்று முடிவெடுக்க முடியும்.