1980களில் கனடாவில் வந்த ஐஸ் ஹாக்கி நாடகத் தொடர் எது? நாயகன் இளம் வீரன் என்பது மட்டுமே நினைவிருக்கிறது.

நீங்கள் தேடுவது 1986இல் கனடாவின் பிரெஞ்சு மொழி அரசுத் தொலைக்காட்சியான ரேடியோ-கனடாவில் தொடங்கிய 'லான்ஸ் ஏ கோன்த்' என்ற பிரெஞ்சுத் தொடராகத்தான் இருக்க வேண்டும். நாயகன் பியேர் லம்பேர். நடித்தவர் கார்ல் மரோட். அவன் சேரும் 'நாசியோனால்' கற்பனை அணிதான் என்றாலும், சீருடையைப் பார்த்தாலே, பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணத்தின் அசல் ஹாக்கி அணியான நோர்டிக்ஸ் கண்முன் வந்துவிடும். எழுதிய ரெஜான் த்ரம்பிளே விளையாட்டுப் பத்திரிகையாளர். அதனால்தான் உடைமாற்றும் அறைச் சச்சரவுகளும் நிருபர்களின் நச்சரிப்பும் அவ்வளவு இயல்பாக இருக்கும். ஆட்டத்தைவிட அவைதான் சுவை என்பேன்!

ஆங்கிலத்திலும் 'ஹீ ஷூட்ஸ், ஹீ ஸ்கோர்ஸ்' என்று தனியாகப் படமாக்கினார்கள், அது எடுபடவில்லை. கியூபெக்கிலோ கதை 2015 வரை நீண்டது. அசல் நோர்டிக்ஸ் 1995இலேயே அமெரிக்காவின் டென்வருக்குக் குடிபெயர்ந்துவிட்டது.