கம்பளி கேள்வி-பதில்: கரண்டியைக் கீழே வையுங்கள்

ஒரு கிலோ அழுக்கு மெரினோ ஆட்டுக் கம்பளி வாங்கிக் கழுவினேன், 600 கிராம்தான் தேறியது. ஏமாந்துவிட்டேனா? (கிள்ளான்)

இல்லை. பிசுக்கும் வியர்வை உப்பும் மண்ணும் போனால் பாதிகூட மிஞ்சாத மெரினோ உண்டு. உங்களுடையது நல்ல சரக்கு.

வெந்நீரில் கழுவியதும் எல்லாம் ஒட்டிப் பாய் மாதிரி ஆகிவிட்டது. மட்டமான கம்பளியோ? (பாயான் லெப்பாஸ்)

கம்பளியைக் குறை சொல்லாதீர்கள் அம்மா. வெந்நீர் என்றதோடு சரி, எப்படிக் கழுவினீர்கள் என்று ஒரு வார்த்தை எழுதவில்லை, எழுதாமலே தெரிகிறது: கரண்டியால் கிளறியிருப்பீர்கள், அப்புறம் பச்சைத் தண்ணீர்க் குழாயை அதன் தலையிலேயே திறந்துவிட்டிருப்பீர்கள். மாதத்துக்கு இரண்டு பேராவது இதையே செய்துவிட்டு விற்றவரைத் திட்டி எழுதுகிறார்கள். ரோமத்தின் மேல் மீனுக்கு இருப்பது போல் செதில் இருக்கிறது. சூடும் சோப்பும் அசைவும் சேர்ந்தால் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும், பிறகு பிரிக்க வழியே இல்லை. தண்ணீர் 60 டிகிரி இருக்கட்டும், வெறுங்கை தாங்காத சூடு. பாத்திரம் கழுவும் திரவத்தை முதலில் கலந்து, துணி துவைக்கும் வலைப்பையில் போட்ட கம்பளியை மேலே வையுங்கள், தானாக மூழ்கட்டும். 20 நிமிடம். ஆறும்வரை விட்டால் உருகிய பிசுக்கு திரும்ப ஒட்டிக்கொள்ளும். அலசும் தண்ணீரும் ஏறக்குறைய அதே சூட்டில் இருக்க வேண்டும். நானும் முதன்முதலில் வாங்கியதை இப்படித்தான் பாழாக்கினேன், அந்தக் கட்டி இன்றைக்கும் சூடான குவாலிச் சட்டிக்கு அடியில் கிடக்கிறது.

என்சைம் போட்ட சலவைத்தூள்? (ஈப்போ சாலை, கேஎல்)

வேண்டாம். ரோமமும் புரதம்தான், கறையை அரிப்பது இதையும் அரிக்கும். பிளீச் பக்கமே போகாதீர்கள். கிளறவும் கூடாது.

பினாங்கு மழையில் காயவே மாட்டேன் என்கிறது. (ஆயர் ஈத்தாம்)

முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்துங்கள். அப்புறம் கம்பி வலைமேல் பரப்பி, கீழிருந்து காற்றாடி. மேலே தொட்டால் காய்ந்தது போலத்தான் இருக்கும், நடுவில் விரலை விட்டுப் பாருங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூஞ்சை நிச்சயம்.

காய்ந்த கம்பளியைச் சீவ, நாய்க்கு முடி சீவும் பிரஷ் போதுமா? (பிறை)

கொஞ்சத்துக்குப் போதும், இரண்டு வாங்குங்கள். கார்டர் பலகையோ (கம்பளி சீவும் பல் வைத்த பலகை) பிரஷோ, பல் மறைகிற அளவுக்கு அப்பாதீர்கள், முடிச்சுதான் மிஞ்சும். நுனியில் மட்டும் பிடித்து மெல்லிசாகப் பரப்பி நாலைந்து தடவை சீவினால் சுருட்டி எடுக்கலாம்.

பக்கத்துப் பண்ணையில் பார்படோஸ் ஆடு இருக்கிறது, ரோமம் கேட்கலாமா? (ரவாங்)

அது முடி ஆடு, நூற்கிற கம்பளி அதில் வராது. கறிக்குக் கேளுங்கள்.

பல வருடம் மூட்டையில் கிடந்த கம்பளி, நூற்க வருமா? (பட்டர்வொர்த்)

ஒரு கொத்தை உருவி, இரு நுனியையும் பிடித்துக் காதருகே சுண்டி இழுங்கள். வீணைக் கம்பி மாதிரி 'டிங்' என்றால் தண்ணீரைச் சூடாக்கலாம். சருகை மிதித்தது போல் நொறுநொறு என்றால் தலையணையில் அடைத்துவிடுங்கள்.