விற்றுவிட்ட கஹேந்திராவை மீண்டும் வாங்கலாமா?

வணக்கம். காத்மாண்டுவின் பழைய அரண்மனை ஆயுதக் கிடங்கிலிருந்து 2003-இல் அமெரிக்காவுக்கு விலைபோன துப்பாக்கிகளுள் ஒன்றான கஹேந்திராவை, பிரிட்டிஷ் படையின் பழைய துப்பாக்கியான மார்ட்டினி-ஹென்றியின் மட்டமான நகல் என்று எண்ணி விற்றுவிட்டதாகவும், இப்போது அதே வகை இரு மடங்கு விலைக்கு வந்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வாங்கலாம், ஆனால் போனதே திரும்பி வருகிறது என்று மயங்கி வாங்காதீர்கள்.

கஹேந்திரா வெறும் நகலன்று. வெளித்தோற்றம் ஏமாற்றினாலும், மார்ட்டினி-ஹென்றியில் சுருள்வில் செய்யும் வேலையை இதில் தட்டைவில் செய்கிறது. நேபாளத்தில் கையால் அராவி இழைத்துச் செய்தவை என்பதால், ஒன்றின் உறுப்பு மற்றொன்றில் பெரும்பாலும் பொருந்தாது. ஆகவே பணத்தை எடுக்கும் முன், கெட்டிப்பட்டிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைக்கச் சொல்லி, உறுப்புகளில் பொறித்திருக்கும் தேவநாகரி எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

எண்கள் ஒத்திருந்தால் பேரத்தை நீட்டாதீர்கள். ஒரு கண்காட்சியில் நல்ல பழைய ஸ்னைடர் துப்பாக்கி ஒன்றுக்கு இருபது டாலரைக் குறைக்கச் சொல்லி நான் வாதாடிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்றவர் பேசாமல் பணத்தை எண்ணி வைத்துவிட்டு அதைத் தூக்கிக்கொண்டு போனார். இன்றும் அந்தத் துப்பாக்கியின் மரக்கட்டை நிறம் கண்ணில் நிற்கிறது.

எத்தனை உறுதியாகத் தெரிந்தாலும், அதில் தோட்டா இட்டுச் சுட்டுப் பார்க்க வேண்டாம்.