வேலையை விடுவதற்கு முன்

கேள்வி: எனக்கு 27 வயது. பாடசாலையில் 200 மீற்றர் ஓடினேன். முழங்கால் சவ்வு கிழிந்ததோடு எல்லாம் நின்றுபோனது. இப்போது திருகோணமலை நகரில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். புல்தரையில் பந்தை உருட்டி ஆடும் லோன் போல்ஸ் ஆட்டங்களைப் பார்த்துப் பார்த்து, வேலையை விட்டுவிட்டு அதில் இறங்கலாமா என்று யோசிக்கிறேன். அப்பாவோ "அது வெள்ளைக்காரக் கிழவர்களின் ஆட்டம்" என்று பகிடி பண்ணுகிறார்.
- பெயர் வேண்டாம், உப்புவெளி

பதில்: தங்கச்சி, அப்பா சொல்வது பாதி சரி. இங்கிலாந்தின் டேவிட் பிரையன்ட் வாயில் புகைக்குழாயோடு ஆடியவர். 1966, 1980, 1988 என மூன்று முறை உலக ஒற்றையர் பட்டம். கடைசியாக வென்றபோது வயது 56! கொமன்வெல்த் ஒற்றையரிலும் நான்கு தங்கம். (1966 கொமன்வெல்த்தில் இந்த ஆட்டத்தையே சேர்க்கவில்லை, பாவம் மனுசன்.) ஆனால் அவர் ஆசிரியராக வேலை பார்த்தவர்.

உங்களுக்கு அவரைவிட நெருக்கமானவர்கள், 2022 பர்மிங்காம் கொமன்வெல்த்தில் தென்னாபிரிக்காவை 17-10 என்று வென்று தங்கம் எடுத்த இந்தியப் பெண்கள் நால்வர். லவ்லி சௌபே உங்களைப் போல ஓடியவர். நயன்மோனி சைகியா பளு தூக்கியவர். இருவரும் காயத்தால்தான் இந்தப் பக்கம் வந்தார்கள். ஒருவருக்குப் பொலிஸ் வேலை, மற்றவருக்கு வனத்துறை. அந்தச் சம்பளம் இருந்ததால்தான் ஆட முடிந்தது என்பது என் எண்ணம். ஆகவே கணக்குப் புத்தகத்தை மூடிவிடாதீர்கள்.

அப்புறம், ஆட்டம் பார்ப்பதற்குத்தான் சுலபம். சின்ன வயதில் போளை அடித்த கை என்று நம்பிப் போனால் ஏமாறுவீர்கள். பந்து முழு உருண்டை அல்ல. வேகம் குறையக் குறைய ஒரு பக்கமாக வளையும். குறைந்தது 23 மீற்றர் தள்ளிக் கிடக்கும் சின்ன வெள்ளைப் பந்தருகே அதைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். தரை கம்பளம் போல இருக்க வேண்டும். உப்புவெளி மணல் இதற்கு ஆகாது.

முதலில் மாவட்ட விளையாட்டு அதிகாரியிடம் போய், இதற்கு எங்கே புல்தரை இருக்கிறது, யார் பழக்குவார்கள் என்று கேளுங்கள். லீவு போட்டு ஒரு நாள் உருட்டிப் பாருங்கள். குனியும்போது முழங்கால் என்ன சொல்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். அதுவரை பந்து வாங்க வேண்டாம். வாங்கினாலும் கைக்கு அளவு பார்த்துத்தான்: இரண்டு கைகளின் பெருவிரல்களும் நடுவிரல்களும் பந்தைச் சுற்றித் தொட வேண்டும்.

போகும்போது அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். 56 தாண்டியிருந்தாலும் பரவாயில்லை.