வேலை போன முதல் மாசம் என்ன செய்யணும்? கேள்வி பதில்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கம்பெனிகளுக்கு சம்பளப் பட்டியல், பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பார்க்குற வேலைல ரொம்ப வருஷமா இருக்கேன். 2014ல நோக்கியா மூடுனப்பவும் 2022ல மறைமலை நகர் ஃபோர்டு நின்னப்பவும் ஜனங்க கையில ஃபைலை வச்சுக்கிட்டு அலைஞ்சதை பக்கத்துல இருந்து பார்த்திருக்கேன். தெரிஞ்சதை சொல்றேன், கேளுங்க. ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடுறேன், வேலை போன முதல் மாசம் புதுசா எதுலயும் பணம் போடாதீங்க, நமக்கு வர வேண்டிய பணத்தை வாங்குறதுதான் அந்த மாசத்து வேலை.

கேள்வி (ஒரகடம், ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனி): அக்கா, நான் பர்மனென்ட், ஆறு வருஷம் எட்டு மாசம் ஆச்சு. ஆர்டர் இல்லனு சொல்லி எங்க லைன்ல எல்லாரையும் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு பேப்பர் குடுத்திருக்காங்க, கையெழுத்து போட்டா ரெண்டு மாச சம்பளம் தர்றாங்களாம். நாளைக்கே போடணுமாம். போடலாமா?

பதில்: அவசரப்பட்டு போடாதீங்க தம்பி. முதல்ல அதுல என்ன எழுதியிருக்குனு படிங்க, இங்கிலீஷ்ல இருந்தா தெரிஞ்சவங்களை வச்சு வரி வரியா படிங்க. பெரும்பாலும் "சொந்த காரணத்துக்காக ராஜினாமா செய்கிறேன், கம்பெனியிடம் எனக்கு வேறு எந்த பாக்கியும் இல்லை"னு இருக்கும். பிரச்சனையே அந்த ஒரு வரிலதான். கம்பெனியா உங்களை எடுத்தா அது ஆட்குறைப்பு, அதுக்கு ஒரு மாச நோட்டீஸ் இல்லனா அந்த மாச சம்பளம் தரணும், அது போக ஒரு வருஷ சர்வீசுக்கு 15 நாள் சம்பளம்னு நஷ்டஈடு, ஆறு மாசம் தாண்டுன வருஷத்தை முழு வருஷமா எடுக்கணும், அப்ப உங்களுக்கு ஏழு வருஷம். நீங்களா எழுதிக் குடுத்துட்டா இது எதையும் கேக்க முடியாது, மூணு மாசத்துக்கு மேல வர வேண்டியதுக்கு ரெண்டு மாசத்தை வாங்கிட்டு வெளிய வந்திருப்பீங்க.

கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, தனி. அஞ்சு வருஷம் முடிஞ்சிருச்சுனா எப்படி வெளிய வந்தாலும் அது உங்க பணம், அதை ரெண்டு மாச சம்பளத்துக்குள்ளயே சேர்த்து காட்டுறாங்களானு பாருங்க. கணக்கு ஈசிதான், கடைசியா வாங்குன பேசிக்கும் (அடிப்படை சம்பளம்) டிஏவும் (அகவிலைப்படி) சேர்த்து 26ஆல வகுத்து 15ஆல பெருக்கி வருஷத்தால பெருக்குங்க. பேசிக் 18,000னா ஏழு வருஷத்துக்கு 72,692 ரூபாய் வரும். 30 நாளுக்குள்ள தரணும், லேட் ஆனா வட்டி உண்டு. நவம்பர் 21, 2025ல புது தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துச்சு, அதுல வேலையை விட்டு எடுத்தா சம்பள பாக்கியை ரெண்டு வேலை நாளுக்குள்ள செட்டில் பண்ணணும்னு இருக்கு, அதையும் கேளுங்க.

நாளைக்கு உள்ள கூப்பிட்டா "வீட்ல கலந்து பேசிட்டு சொல்றேன் சார், ஒரு காப்பி குடுங்க"னு மட்டும் சொல்லுங்க, சத்தம் போட வேண்டாம். தரலனா போன்ல போட்டோ எடுத்துக்கோங்க. இன்னைக்கு நைட்டே சம்பள ஸ்லிப், அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், ஐடி கார்டு எல்லாத்தையும் உங்க சொந்த மெயிலுக்கு அனுப்பி வச்சுடுங்க, ஏன்னா கம்பெனி ஆப் லாகின் எப்ப கட் ஆகும்னு தெரியாது. எல்லாரும் சேர்ந்து போய் தொழிலாளர் துறை ஆபீஸ்ல ஒரு மனு குடுங்க, தனித்தனியா போறதை விட அது நிக்கும்.

கேள்வி (இருங்காட்டுக்கோட்டை): நான் கான்ட்ராக்ட் லேபர்க்கா, ஆர்டர் பேப்பர்லாம் ஒண்ணும் குடுக்கல, நாளைலருந்து வராதனு சூப்பர்வைசர் போன்ல சொல்லிட்டாரு. எனக்கு எதுவுமே கிடையாதா?

பதில்: ஸ்லிப்ல ஈஎஸ்ஐ பிடிச்சாங்களா பாருங்க, பிடிச்சிருந்தா நிறைய இருக்கு. 2018ல இருந்து அடல் பீமித் வ்யக்தி கல்யாண் யோஜனானு ஒரு திட்டம் ஓடுது, வேலை போனவங்களுக்கு தினசரி சராசரி சம்பளத்துல பாதியை அதிகபட்சம் 90 நாளுக்கு தருவாங்க, வாழ்க்கைல ஒரு தடவைதான். ரெண்டு வருஷமாவது ஈஎஸ்ஐ கட்டியிருக்கணும், வேலை போய் 30 நாள் கழிச்சு கேக்கலாம். இதை அப்பப்ப நீட்டிச்சு நீட்டிச்சுதான் நடத்துறாங்க, அதனால இந்த வாரமே ஈஎஸ்ஐ பிராஞ்ச் ஆபீஸ் போய் இப்ப வாங்குறாங்களானு கேட்டுடுங்க. கம்பெனியே மூடிட்டாலோ ஆட்குறைப்புனு லெட்டர் இருந்தாலோ ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனானு இன்னொண்ணு இருக்கு, அது ரெண்டு வருஷம் வரைக்கும் வரும், முதல் வருஷம் 50 சதவீதம் ரெண்டாவது வருஷம் 25 சதவீதம். ராஜினாமா லெட்டர்ல கையெழுத்து போட்டவங்களுக்கு இந்த கதவெல்லாம் மூடிரும், மேல தம்பிக்கு அவ்ளோ தூரம் சொன்னது இதுக்கும் சேர்த்துதான்.

வேலை போன அன்னைக்கே ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரி கார்டு செத்துப் போகாது, இது பாதி பேருக்கு தெரியல. ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் ஒழுங்கா கட்டியிருந்தா அடுத்த ஜனவரில இருந்து ஜூன் வரைக்கும் வைத்தியம் பாக்கலாம். வீட்ல யாருக்காவது ஆபரேஷன், பிரசவம் நெருங்குதுனா அதை தள்ளிப் போடாதீங்க.

கேள்வி (செங்கல்பட்டு): பிஎஃப்ல 4 லட்சத்துக்கு மேல இருக்கு மேடம். மொத்தமா எடுத்து மாமனார் ஊர்ல ஒரு மொபைல் கடை போடலாம்னு ஐடியா. எவ்ளோ சீக்கிரம் எடுக்கலாம்?

பதில்: எடுக்குற வழி முதல்ல. போர்ட்டல்ல உங்க வேலை முடிஞ்ச தேதி ஏறியிருக்கானு பாருங்க. கம்பெனி ஏத்தலனா கடைசியா பணம் கட்டுன மாசத்துல இருந்து ரெண்டு மாசம் கழிச்சு மேனேஜ் பக்கத்துல மார்க் எக்ஸிட்னு இருக்கும், நீங்களே ஆதார் ஓடிபி போட்டு ஏத்திடலாம், அதுக்காக ஹெச்ஆர் பின்னாடி அலைய வேண்டாம். ஆதார்ல பேரும் பிறந்த தேதியும் பிஎஃப்ல இருக்கறதும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போகணும், பாதி க்ளெய்ம் திரும்பி வர்றது இன்ஷியல் பிரச்சனைல. 2025 அக்டோபர்ல பிஎஃப் டிரஸ்டி போர்டு எடுத்த முடிவுப்படி வேலை போனா 75 சதவீதம் உடனே, மிச்சம் 25 சதவீதம் ஒரு வருஷம் கழிச்சு. எல்லா கம்பெனியும் சேர்த்து அஞ்சு வருஷ சர்வீஸ் ஆகலனா டேக்ஸ் வேற பிடிப்பாங்க. சர்வீஸ் பத்து வருஷத்தை நெருங்குதுனா பென்ஷன் பணத்துல கை வைக்காதீங்க, பத்து வருஷம் முடிச்சாதான் பிற்காலத்துல மாச பென்ஷன் உண்டு.

இப்ப கடை. வேண்டாம்னு சொல்லல, இப்ப வேண்டாம்னு சொல்றேன். செட்டில்மென்ட் பணம் மொத்தத்தையும் கார்ல போட்டு கால் டாக்சி ஓட்டுனவங்க, ஊர்ல கடை போட்டவங்கனு எனக்கு தெரிஞ்சே நிறைய பேர் இருக்காங்க, அதுல தாங்கி நின்னவங்க யாருன்னு பாத்தா அந்த தொழிலை முன்னாடியே பாத்திருந்தவங்கதான், அட்வான்ஸ், ஷெல்ஃப், ஸ்டாக்குனு முதல் மாசத்துலயே முக்கால்வாசி போயிடும், அப்புறம் வாடகைக்கு வெளிய கடன் வாங்கணும். மூணு மாசம் யாராவது ஒருத்தர் மொபைல் கடைல சம்பளத்துக்கு நில்லுங்க, சர்வீஸ் கத்துக்கோங்க, சரக்கு யார் தர்றா, எவ்ளோ நாள் கடன்னு தெரிஞ்சுக்கோங்க. அதுவரைக்கும் வீட்டு செலவுக்கு வேணுங்கறதை மட்டும் எடுங்க. மிச்சம் கிடந்தா வட்டி வந்துக்கிட்டேதான் இருக்கும்.

கேள்வி (சோழிங்கநல்லூர், ஐடி): வயசு 44. டெஸ்டிங் மேனேஜர். மூணு மாச சம்பளம் குடுத்து அனுப்பிட்டாங்க. ஹோம் லோன் இஎம்ஐ 46,000, ரெண்டு பசங்க ஸ்கூல். இன்டர்வியூவே வர மாட்டேங்குது. பயமா இருக்கு.

பதில்: பயம் வரத்தான் செய்யும் சார், இந்த வயசுல ரெண்டு பசங்களை வச்சுக்கிட்டு. ஆனா மூணு மாச சம்பளம் கைல இருக்கும்போதே பேங்க்குக்கு போங்க, இதுதான் முக்கியம். 90 நாள் தாண்டி கட்டாம விட்டா கணக்கு வாராக்கடன்ல போயிடும், அதுக்கப்புறம் அவங்க பேசுற தொனியே வேற. முதல் இஎம்ஐ பவுன்ஸ் ஆகறதுக்கு முன்னாடி வேலை போன லெட்டரோட பிராஞ்ச் மேனேஜரை பாத்து வருஷத்தை நீட்டி இஎம்ஐ குறைங்க, இல்ல கொஞ்ச மாசம் வட்டி மட்டும் கட்ட விடுங்கனு எழுதிக் குடுங்க. குடுக்கணும்னு கட்டாயம் இல்ல, ஆனா முன்னாடியே வர்றவங்களுக்கு வழி பண்ணுவாங்க. கிரெடிட் கார்டுல மினிமம் மட்டும் கட்டிட்டு ஓட்டாதீங்க, வருஷத்துக்கு 40 சதவீதம் பக்கம் வட்டி போகும், நகைக் கடன் வச்சாவது அதை அடைங்க. லோன் ஆப் பக்கம் போகவே போகாதீங்க.

கம்பெனி ஹெல்த் இன்ஷூரன்ஸ் கடைசி நாளோட போச்சு. அதே இன்ஷூரன்ஸ் கம்பெனில தனி பாலிசியா மாத்திக்க வழி இருக்கு, வெளிய வர்றதுக்கு முன்னாடியே கேட்டுடணும், உங்களுக்கு இன்னும் நாள் இருந்தா இன்னைக்கே மெயில் போடுங்க.

வேலைக்கு வருவோம். மேனேஜர்னு மட்டும் தேடாதீங்க, அந்த இடம் குறைஞ்சுக்கிட்டே வருது. கூட வேலை பார்த்தவங்க, பழைய கிளையன்ட், காலேஜ் பேட்ச்னு ஒரு லிஸ்ட் போட்டு ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணுங்க, மெசேஜ் இல்ல, போன். "வேலை இருந்தா சொல்லுங்க"னு பொதுவா கேட்டா யாருக்கும் ஞாபகம் இருக்காது, "பேங்கிங் ப்ராஜெக்ட்ல டெஸ்டிங் பண்ணியிருக்கேன், ஆறு மாச கான்ட்ராக்ட்னாலும் வர்றேன்"னு சொன்னா நிக்கும். நடுவுல காலேஜ்ல கெஸ்ட் லெக்சர், சின்ன கம்பெனிக்கு பார்ட் டைம், எது வந்தாலும் எடுங்க, காசும் ஆச்சு ரெஸ்யூமேல இடைவெளியும் விழாது.

கேள்வி (திருப்பூர்): எக்ஸ்போர்ட் கம்பெனில டைலருங்க்கா, நானும் வீட்டுக்காரரும் ரெண்டு பேரும். அமெரிக்கா வரி போட்டதுல இருந்து ஷிப்ட் குறைஞ்சு இப்ப சுத்தமா நிறுத்திட்டாங்க. சொந்தமா மிஷின் போட்டா பொழைக்கலாமுங்களா?

பதில்: 2025 ஆகஸ்ட்ல 50 சதவீதம் வரி போட்டப்ப முதல் அடி உங்க ஊருக்குதான் விழுந்துச்சு. ஆனா உங்க கைல தொழில் இருக்குங்க. எக்ஸ்போர்ட் படுத்தாலும் உள்ளூர் சரக்கு ஓடுது, நைட்டி, லெக்கின்ஸ், பசங்க டவுசர், ஸ்கூல் யூனிஃபார்ம், இதுக்கெல்லாம் ஜாப் ஒர்க் குடுக்கறவங்க இருக்காங்க. முதல்ல பீஸ் ரேட் பேசுங்க, மாசம் எவ்ளோ பீஸ் தருவாங்க, காசு வாரா வாரம் வருமானு பேசி முடிச்சுட்டு அப்புறம் மிஷின் வாங்குங்க. பழைய மிஷினே போதும், சிங்கரும் ஓவர்லாக்கும் முதல்ல, பேட்லாக் (ஃப்ளாட்லாக் மிஷின்) வேலை வந்தா அப்புறம் பாத்துக்கலாம். வாங்கும்போது நீங்களே உக்காந்து நீங்க தைக்கப் போற துணிலயே ஒரு அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்க, தையல் விட்டு விட்டு விழுதா, எண்ணெய் துணில படியுதானு. விக்கறவர் ஓட்டிக் காமிக்கறதை நம்ப வேண்டாம்.

கடன் வேணும்னா மாவட்ட தொழில் மையத்துல பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம் கேளுங்க, உங்க பேர்ல போடுங்க, பெண்களுக்கு டவுன்ல 25 சதவீதம் கிராமத்துல 35 சதவீதம் மானியம். ஆனா அந்த மானியம் கைல வராது, பேங்க்ல மூணு வருஷம் டெபாசிட்டா கிடந்து அப்புறம்தான் கடன்ல கழியும், அதுவரைக்கும் டியூவை ஒழுங்கா கட்டணும். மானியம் வாங்கித் தர்றேன்னு கமிஷன் கேக்கற ஆளுங்க ஆபீஸ் வாசல்லயே நிப்பாங்க, பத்து பைசா தர வேண்டாம்.

கேள்வி (விழுப்புரம்): கம்போடியால டேட்டா என்ட்ரி, மாசம் 90,000னு ஒரு ஏஜென்ட் சொல்றார். டூரிஸ்ட் விசால போய் அங்க மாத்திக்கலாமாம்.

பதில்: போகாதீங்க. இப்படி போன நம்ம பசங்களை அடைச்சு வச்சு ஆன்லைன் மோசடி பண்ண வச்சாங்க, தப்பிச்சு வந்தவங்களே பேட்டி குடுத்திருக்காங்க. வேலைக்கு கூட்டிட்டுப் போறவர் டூரிஸ்ட் விசானு சொன்னாலே அங்கயே நிறுத்திடுங்க. வெளிநாடு போகணும்னா மத்திய அரசோட இமைக்ரேட் தளத்துல அந்த ஏஜென்ட் பேர் பதிவாகியிருக்கானு பாருங்க, பதிவு பண்ணவங்களே சர்வீஸ் சார்ஜா 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். ஏற்கனவே ஆன்லைன்ல காசு கட்டி ஏமாந்தவங்க யாராவது இதை படிச்சா சைபர் கிரைம் உதவி எண் 1930க்கு உடனே போன் போடுங்க, எவ்ளோ சீக்கிரமோ அவ்ளோ நல்லது.

கேள்வி (ஊர் சொல்ல விரும்பல): அக்கா வேலை போய் அஞ்சு வாரம் ஆச்சு, வீட்ல இன்னும் சொல்லல. காலைல டிபன் பாக்ஸ் எடுத்துட்டு கிளம்பி பஸ் ஸ்டாண்ட், லைப்ரரினு உக்காந்துட்டு சாயந்தரம் வர்றேன். சம்பள தேதில பிரண்டுகிட்ட வாங்கி குடுத்தேன். அடுத்த மாசம் என்ன செய்யறதுனு தெரியல, சில நேரம் ரொம்ப தப்பான யோசனைலாம் வருது.

பதில்: தம்பி, இதை எழுதுனதே நல்லது. முதல்ல 14416க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ், காசு கிடையாது, ராத்திரி எந்நேரம்னாலும் தமிழ்லயே பேசலாம். 104லயும் பேசலாம். இன்னைக்கே பண்ணுங்க, அந்த யோசனை வர்ற நேரத்துல தனியா இருக்காதீங்க.

வீட்ல சொல்றதுக்கு, எல்லாருக்கும் ஒரே நேரத்துல சொல்லணும்னு இல்ல. அக்கா, மச்சான், சித்தப்பா, யார்கிட்ட சொன்னா கத்தாம கேப்பாங்களோ அவங்களை கூட வச்சுக்கிட்டு வீட்டுக்காரம்மாகிட்ட சொல்லுங்க. சொல்லும்போது ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துட்டு போங்க, பிஎஃப்ல இவ்ளோ இருக்கு, கிராஜுவிட்டி இவ்ளோ வரும், இந்த மாசம் செலவு இவ்ளோனு. வேலை போச்சுனு மட்டும் கேட்டா வீட்ல இருக்கவங்களுக்கு பதட்டம்தான் வரும், கணக்கை பாத்தாங்கன்னா சேர்ந்து யோசிக்க ஆரம்பிப்பாங்க. உங்க சம்பளம், எத்தனை வருஷ சர்வீஸ்னு எனக்கு எழுதுங்க, அந்த கணக்கை நானே போட்டு தர்றேன்.

கேள்வி (திருவள்ளூர்): கம்பெனி கிராஜுவிட்டி தர மாட்டேனு சொல்லிட்டாங்க, வக்கீல் வைக்க காசு இல்ல. விட்டுடவா?

பதில்: விடாதீங்கம்மா. உங்க ஜில்லா கோர்ட் வளாகத்துலயே சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கு, பெண்களுக்கும் தொழிலாளிகளுக்கும் வக்கீல் இலவசம், நீங்க ரெண்டு வகைலயும் வர்றீங்க. 15100க்கு போன் பண்ணியும் கேக்கலாம். போகும்போது ஆதார், கடைசி மூணு சம்பள ஸ்லிப், சேர்ந்த தேதி தெரியற மாதிரி ஏதாவது ஒரு பேப்பர், கம்பெனிக்கு நீங்க கேட்டு எழுதுன லெட்டர் காப்பி, இதெல்லாம் ரெண்டு செட் ஜெராக்ஸ் போட்டு எடுத்துட்டு போங்க. கம்பெனிக்கு இன்னும் எழுத்துல கேக்கலனா முதல்ல ரிஜிஸ்டர் தபால்ல ஒண்ணு போடுங்க, அந்த தபால் ரசீதை தொலைச்சுடாதீங்க.