'மாதிரி'யை வெட்டிவிடுங்கள்

கேள்வி: என் பால்யகால நண்பனின் தாயார் சென்ற மாதம் காலமானார். எனக்கும் அவர் அம்மா மாதிரிதான். நினைவுக் குறிப்பு ஒன்று எழுத உட்கார்ந்தபோதுதான் அவருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது என்பது உறைத்தது. 'இன்னொரு தாய்' என்று எழுதினால் பெற்ற தாயைக் குறைத்ததாக ஆகிவிடுமோ என்றும் தயக்கமாக இருக்கிறது. எப்படித் தொடங்குவது?

பதில்: பெயரும் தயக்கமும் தொடக்கமும் சற்றுப் பொறுக்கட்டும், என் கண் உங்கள் இரண்டாவது வாக்கியத்தில் இருக்கும் 'மாதிரி' என்ற சொல்லில் போய் நின்றுவிட்டது. அந்தச் சொல்லோடு எனக்கு நெடுநாளைய வழக்கு ஒன்று உண்டு என்பதை இப்பகுதியைத் தொடர்ந்து படிப்பவர்கள் அறிவார்கள். மாதிரி வினாத்தாளில் இருந்த கேள்வி தேர்வில் வந்தது என்று சொன்ன மாணவரை நான் இதுவரை சந்தித்ததில்லை. மாதிரி வீட்டைப் பார்த்து முன்பணம் கொடுத்தவர், தமக்குக் கிடைத்த வீட்டில் அந்தப் பெரிய சன்னலை இன்னும் தேடிக்கொண்டிருப்பார். உடம்பு ஒரு மாதிரியாக இருக்கிறது என்றால் மருத்துவருக்கே ஒன்றும் விளங்குவதில்லை. அவர் ஒரு மாதிரி என்றாலோ, கேட்பவர் அனைவருக்கும் எல்லாம் விளங்கிவிடுகிறது. இப்படி எந்தப் பக்கமும் சாயக்கூடிய ஒரு சொல்லைக் கொண்டுபோய், உங்களைத் தம் பிள்ளையோடு பிள்ளையாக வளர்த்தவருக்குப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறீர்கள்.

எங்கள் அலுவலகத்தில் முன்பு ஒரு மெய்ப்புத் திருத்துநர் இருந்தார். 'மாதிரி' எங்கே தென்பட்டாலும் அடித்துவிட்டுப் 'போல' என்று எழுதுவார். நன்னூல் 12 உவம உருபுகளை எண்ணிச் சொல்லிவிட்டுப் 'பிறவும்' என்று ஒரு சன்னலைத் திறந்து வைத்திருக்கிறதே, அதன் வழியாக இது உள்ளே வந்துவிட்டுப் போகட்டுமே என்று நான் வாதாடிப் பார்த்தேன், அவர் அசையவில்லை. உண்மையில் எங்கள் சண்டை உருபைப் பற்றியது அன்று. சொல்லை மாற்றினால் போதும் என்பது அவர் கட்சி. இத்தகைய இடங்களில் உவமையையே தூக்கிவிட வேண்டும் என்பது என் கட்சி. உவமை உயர்ந்ததைச் சார்ந்தே நிற்கும் என்பது தொல்காப்பியம். முகத்தை நிலவுக்கு ஒப்பிட்டால் நிலவு உயரத்தில் இருக்கிறது, முகம் கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கிறது. 'அம்மா மாதிரி' என்று நீங்கள் எழுதியதும் அதே கணக்குதான். பெற்ற தாய் குறைந்துவிடுவாரோ என்று அஞ்சுகிறீர்கள். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் வாக்கியத்தில் ஒரு படி கீழே நிற்பவர் மற்றவர்.

பழந்தமிழில் இந்தச் சங்கடம் இல்லை. 'யாய்' என்றால் என் தாய், 'ஞாய்' என்றால் உன் தாய், 'தாய்' என்றால் அவனுடைய அல்லது அவளுடைய தாய். எந்தை, நுந்தை, தந்தை என்ற வரிசையும் இவ்வாறே அமைந்தது. பிற்காலத்தில் யாயும் ஞாயும் வழக்கொழிந்து போக, அடுத்தவருடைய அம்மாவைக் குறித்த சொல் மட்டும் பிழைத்து, எல்லா அம்மாக்களுக்கும் பொதுவாயிற்று. ஆகவே 'தாய்' என்ற சொல்லை இரவல் வாங்கியவர் உங்கள் நண்பரின் அம்மா அல்லர்; நம்மைப் பெற்றவர்கள்தாம் அதை இரவலாக வைத்திருக்கிறார்கள்.

இன்னும் ஒன்று. 'தோழி தானே செவிலி மகளே' என்கிறது தொல்காப்பியம். தலைவியின் உயிர்த்தோழி யார் என்றால், அவளை வளர்த்த செவிலியின் மகள். திருப்பிச் சொன்னால், செவிலி என்பவள் தோழியின் அம்மா. பெற்றவளுக்கு நற்றாய் என்ற பெயர் தனியே இருக்கிறது. தலைவி காதலனோடு புறப்பட்டுப் போய்விட்டால், நற்றாய் வீட்டில் இருந்தபடி புலம்புவாள். பாலை வழியில் இறங்கித் தேடிச் செல்பவள் செவிலி. 'யாயும் ஞாயும் யாராகியரோ' என்று தொடங்கும் குறுந்தொகை 40ஆம் பாடலை அறியாதவர் இல்லை. அதன் கடைசி வரிகளிலேயே மயங்கி நின்றுவிடுவதால், நான்கு பாடல்கள் தள்ளி, 44ஆம் பாடலில் வெள்ளிவீதியார் தனியே நிறுத்தியிருக்கும் செவிலியைப் பலர் பார்ப்பதில்லை. நடந்து நடந்து அவளுடைய கால்கள் ஓய்ந்துவிட்டன. பார்த்துப் பார்த்துக் கண்கள் ஒளி இழந்துவிட்டன. வானத்து மீன்களைக் காட்டிலும் இவ்வுலகில் பிறர் அதிகம் என்கிறாள். எதிரே வரும் ஒவ்வொருவரையும் அவளோ என்று உற்றுப் பார்த்து, இல்லை என்று கண்டு ஓய்ந்தவளின் பேச்சு அது. தான் பெறாத ஒரு பெண்ணைத் தேடிப் போகிறவள், வழியில் வரும் அத்தனை பேரையும் 'பிறர்' என்ற கணக்கில் தள்ளுகிறாள். அந்தப் பெண் மட்டும் அந்தக் கணக்கில் இல்லை.

அப்படியானால் 'செவிலி' என்றே எழுதிவிடலாமா என்று கேட்பீர்கள். எழுத முடியாது. அந்தச் சொல்லை நாம் மருத்துவமனைகளுக்குத் தாரை வார்த்துவிட்டோம். அவர் எந்த வார்டில் பணியாற்றினார் என்று கடிதம் வரும்.

எனக்கும் அப்படி ஒருவர் இருந்தார். அவர் மகனும் நானும் வாரத்துக்கு ஒருமுறையாவது கட்டிப் புரள்வோம். என் சட்டைப் பொத்தான் ஒன்று போகும். யார் முதலில் கை வைத்தது என்று அவர் ஒருநாளும் விசாரித்ததில்லை. ஆளுக்கொரு அறை கொடுத்துவிட்டுத்தான் ஊசியை எடுப்பார். சட்டையைக் கழற்றவும் விடமாட்டார். நின்றபடியே என் நெஞ்சுக்கு நேரே தைப்பார். 'மூச்சு விடாதே, குத்திவிடும்' என்பார். தைத்து முடித்ததும் கத்தரியைத் தேடாமல், குனிந்து நூலைப் பல்லால் கடித்து அறுப்பார். அதுவரை அடக்கி வைத்த மூச்சு அவர் தலையின் மேல்தான் போய் விழும். அந்தப் பொத்தான் சட்டையின் மற்றப் பொத்தான்களோடு ஒருபோதும் பொருந்தியதில்லை. அறையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை: நான் பிறர் பிள்ளையாக இருந்திருந்தால் விசாரணை நடந்திருக்கும்.

பல ஆண்டுகள் கழித்து, நாளிதழ் ஒன்றில் இரவுப் பணியில் இருந்தபோது, மறைவு அறிவிப்புகளைத் திருத்தும் வேலை என்னிடம் இருந்தது. ஒருநாள் வந்தவற்றில் இரண்டே வரியில் ஓர் அறிவிப்பு. ஒரு பெண்ணின் பெயர், வயது, இறுதிச் சடங்கு நடக்கும் நேரம். அதில் 'ப்' ஒன்று விடுபட்டிருந்தது. அதைச் சேர்த்து அச்சுக்கு அனுப்பிவிட்டு அடுத்த தாளை எடுத்தேன். மறுநாள் காலையில் நண்பன் அழைத்தான். "அம்மா போய்ட்டாங்கடா. உங்க பேப்பர்லயே வந்திருக்கு, பார்க்கலையா?" என்றான். வாழ்நாளெல்லாம் 'அம்மா' என்றே அழைத்தவரின் பெயரை முதல்முறையாகப் படித்தேன். படித்தும் அது அவர் என்று தெரியாமல் ஒற்றுப்பிழை திருத்தினேன்.

ஆதலால், உங்கள் நண்பரை அழைத்து முதலில் பெயரைக் கேளுங்கள். கேட்க வெட்கமாகத்தான் இருக்கும். ஆனால் முன்னெழுத்தைச் சொல்ல அவரும் ஒரு நொடி யோசிப்பார், அந்த ஒரு நொடியில் உங்கள் வெட்கம் குறைந்துவிடும். குறிப்பின் முதல் சொல் அந்தப் பெயராகவே இருக்கட்டும். 'ஈடு செய்ய இயலாத இழப்பு' என்ற தொடர் அமைச்சர்களுக்கு உரியது, அவர்களிடமே இருக்கட்டும். அவர் உங்களை எதற்காக, எந்தச் சொல்லால் திட்டினார் என்று எழுதுங்கள். எழுதி முடித்ததும் எங்களுக்கு அனுப்புங்கள். 'மாதிரி' இருந்தால் நானே வெட்டிவிடுவேன். ஒற்றுப்பிழை இருந்தால் அப்படியே விட்டுவிடுகிறேன்.